ஒட்டுக்கட்டும் கலையும் நம் தோட்டத்துப் பழமரங்களும்

(ஜொகூர் மாநிலம், சாஆ வட்டாரத் தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரை)



தகவல் பகுதி அதிகாரிகள் வருகிறார்கள் என்றாலே உடல்நலத்தைப் பற்றியோ, பிள்ளைகளின் கல்வியைப் பற்றியோ, சேமிப்பைப் பற்றியோ பேசிவிட்டுப் போவார்கள் என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். அவையெல்லாம் பேச வேண்டியவையே. ஆனால் இன்று நாம் பேச வந்திருப்பது மரத்தைப் பற்றி. பால்மரத்தோடு பிறந்து வளர்ந்த உங்களிடம் மரத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். அதை அறிந்தேதான் வந்திருக்கிறோம். காரணம், உங்கள் கைகளில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கலை, இன்னொரு பயனுக்கும் உதவும் என்பதை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே வட்டாரத்தில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். முதிர்ந்த பால்மரங்களை அழித்து மறுநடவு செய்யும் வேலை அங்கே தொடங்கவிருந்தது. பழைய லயன் வீடுகளும் இடிக்கப்பட இருந்தன. லயன் வீடுகளின் கோடியில் ஒரு மாமரம் நின்றது. இருவர் கை கோத்தாலும் எட்டாத அடிமரம். அம்மரத்தடியில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இது என் மாமனார் வைத்த மரம். இந்தப் பழத்தின் ருசி வேறு எங்கேயும் கிடையாது. மரத்தை வெட்டப்போகிறார்கள். கொட்டைகளை எடுத்துக் காய வைத்திருக்கிறேன். போகிற இடத்தில் போட்டால் இதே மரம் வருமா?" என்பதே அக்கேள்வி.

வரும் என்று சொல்லி அவரை மகிழ்விக்க நமக்கும் ஆசைதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "மாமரம் வரும், பாட்டி. ஆனால் இதே மரம் வருவது அரிது" என்றோம். அவர் முகம் வாடியது. அந்தக் கேள்விக்கு அன்று நாம் சொன்ன முழு விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

விதையின் இயல்பு

விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்று நம் பெரியோர் கேட்பார்கள். முளைக்காது. மாங்கொட்டையிலிருந்து மாமரமே முளைக்கும். ஆயினும் பிள்ளை என்பது தாயின் நகல் அன்று. தாயின் குணமும் தந்தையின் குணமும் கலந்து பிறப்பது பிள்ளை. ஒரே வயிற்றில் பிறந்த ஐந்து பிள்ளைகள் ஐந்து விதமாக இருப்பதை ஒவ்வொரு வீட்டிலும் காண்கிறோம். மரங்களும் அவ்வாறே. இந்த மரத்தின் பூவுக்கு எந்த மரத்தின் மகரந்தத்தை ஈயும் வண்டும் கொண்டுவந்து சேர்த்தன என்பதை எவர் அறிவார்? ஆகவே இனிப்பு மரத்தின் கொட்டையிலிருந்து புளிப்பு மரமும் வரலாம், நார் மிகுந்த மரமும் வரலாம், தாயை விஞ்சும் மரமும் வரலாம்.

இதிலே இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. அந்த மூதாட்டியின் மாமரமே ஒரு கொட்டையிலிருந்து பிறந்ததுதான். அப்படியானால் அதைப் போன்ற இன்னொரு மரம் உலகில் எங்கும் இல்லை. தோட்டங்களில் விதையால் வளர்ந்த மா, டுரியான், ரம்புத்தான் மரங்கள் பலவும் இத்தகையவையே. ஒன்று விழுந்தால், அந்த ஒன்று அத்தோடு முடிந்தது.

பச்சை ஆப்பிள் சொல்லும் பாடம்

தீபாவளிக் காலத்தில் சந்தையில் பச்சை நிற ஆப்பிள் வாங்கியிருப்பீர்கள். அதற்குக் கிரான்னி ஸ்மித் என்று பெயர். 1868ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு அருகே, மரியா ஆன் ஸ்மித் என்னும் மூதாட்டியின் நிலத்தில் தானாக முளைத்த ஒரு கன்றிலிருந்து வந்த இனம் அது. அவர் 1870ஆம் ஆண்டில் காலமானார். ஆனால் இன்று உலகின் பல நாடுகளில் நிற்கும் கிரான்னி ஸ்மித் மரங்கள் அனைத்தும் அந்த ஒரு கன்றின் கிளைகளே. கிளையை எடுத்து வேறொரு கன்றின்மீது ஒட்டி, அதிலிருந்து மீண்டும் கிளை எடுத்து, இப்படிக் கைமாறிக் கைமாறி அந்த ஒரே மரம் இத்தனை ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது.

இங்கிலாந்தில் சவுத்வெல் என்னும் ஊரில் 1809ஆம் ஆண்டில் ஒரு சிறுமி ஆப்பிள் விதைகளை நட்டாள். அவற்றுள் ஒன்றிலிருந்து வளர்ந்த மரமே பிராம்லி என்னும் புகழ்பெற்ற இனத்தின் தாய்மரமாயிற்று. அத்தாய்மரம் பிற்காலத்தில் பூசண நோய்க்கு ஆளானது. ஆயினும் அந்த இனத்திற்கு ஆபத்து இல்லை. அதன் கண்களைத் தாங்கிய மரங்கள் எண்ணற்றவை. அந்நாட்டின் கெண்ட் மாவட்டத்தில் புரோக்டேல் என்னுமிடத்தில் 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் இனங்களை ஒட்டுக்கட்டிக் காத்து வருகிறார்கள். கடைக்காரருக்கு வேண்டாதனவாகிவிட்ட பழைய இனங்களும் அவற்றுள் அடங்கும். முன்னோர் சுவைத்த பழம் பின்னோருக்கும் கிடைக்க வேண்டும் என்னும் கருத்தே அதற்குக் காரணம்.

நம் நாட்டின் வெப்பத்தில் ஆப்பிள் விளையாது. ஆனால் அதைக் காக்கும் கலை நமக்குப் புதிதன்று. நம் தோட்டங்கள் எழுந்ததே அக்கலையின்மேல்தான்.

பால்மரத்தின் வரலாறு

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். அவற்றுள் முளைத்தவை நூற்றுக்கு நான்குகூட இல்லை. அக்கன்றுகளுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டில், 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலக்கங்சாருக்குச் சென்றன. மலாயாவின் பால்மரக் காடுகள் இந்தச் சிறு தொகையிலிருந்து பெருகியவையே.

தொடக்கத்தில் தோட்டங்கள் யாவும் விதைக்கன்றுகளைக் கொண்டே நடப்பட்டன. அதன் விளைவை உங்கள் பாட்டன்மார் நன்கு அறிந்திருந்தார்கள். ஒரு நிரையில் ஒரு மரம் மங்கு நிறையப் பால் தரும். அடுத்த மரம் அடி நனைக்கும் அளவுக்கே தரும். இரண்டுக்கும் சீவும் உழைப்பு ஒன்றுதான். நல்ல மரத்தின் விதையை நட்டுப் பார்த்தார்கள். மூதாட்டியின் மாங்கொட்டை போலவே அதுவும் ஏமாற்றியது.

இதற்கு வழி கண்டவர்கள் ஜாவாவிலும் சுமத்ராவிலும் இருந்த ஒல்லாந்துத் தோட்ட வல்லுநர்கள். 1910ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், மிகுதியாகப் பால் சொரியும் மரத்தின் மொட்டை எடுத்து இளங்கன்றின் பட்டைக்குள் வைத்து ஒட்டும் முறையை அவர்கள் வெற்றிகரமாக்கினார்கள். அதுவே ஒட்டுக்கட்டு. மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அக்கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் இனத்தை அறியாத தோட்டத் தொழிலாளி இருக்க முடியாது. தேர்ந்தெடுக்கப்படாத விதைக்கன்றுகள் ஒரு ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ ரப்பர் தந்த இடத்தில், இத்தகைய ஒட்டு இனங்கள் 1,500 கிலோவும் அதற்கு மேலும் தரலாயின.

அந்த 600க்குத் தாய் தந்தையர் யாவர் தெரியுமா? ஒன்று ஜாவாவிலிருந்து வந்த சீர் 1. மற்றொன்று பி.பி. 86. இந்தப் பி.பி. என்னும் எழுத்துகள் சிலாங்கூரில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தைக் குறிக்கும். அந்தத் தோட்டம் இன்று எங்கே? அது இருந்த நிலத்தில்தான் நம் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்து நிற்கிறது. நிரைகள் இல்லை, பிரட்டுக் களம் இல்லை, லயன் வீடுகள் இல்லை. ஆனால் பி.பி. 260, பி.பி. 217 முதலிய அத்தோட்டத்து மரங்கள் ஆப்பிரிக்கா வரையில் சென்று வளர்கின்றன. தோட்டம் மறைந்தது. அதன் மரம் மறையவில்லை. யாரோ ஒரு தொழிலாளி உரிய நேரத்தில் கத்தியை எடுத்து ஒரு மொட்டை இன்னொரு கன்றில் ஒட்டியதே அதற்குக் காரணம்.

நண்பர்களே, நாம் இன்று சொல்ல வந்தது இதுதான். பால்மரத்திற்குச் செய்ததை, லயன் வீட்டுப் பழமரத்திற்கும் நாம் செய்யலாம்.

உங்கள் கைக்குத் தெரிந்த அறிவு

ஒட்டு எவ்வாறு பிடிக்கிறது? மரத்தின் பட்டைக்கும் உள்மரத்திற்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய வளர்திசு ஒன்று இருக்கிறது. மரம் பருப்பதும், சீவிய பட்டை மீண்டும் வளர்வதும் அதனால்தான். ஒரு கன்றின் வளர்திசுவும் இன்னொரு மரத்துக் கண்ணின் வளர்திசுவும் ஒன்றையொன்று தொட்டு, அழுத்தமாக, அசையாமல், ஈரம் உலராமல் இருந்தால் இரண்டும் இணைந்துவிடும்.

பால்மரம் சீவுவோருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மரம் சீவும்போது கத்தி உள்மரத்தைத் தொட்டுவிடலாகாது, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான பட்டையை விட்டுவைக்க வேண்டும் என்று உங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. விடியற்காலை இருட்டில், தலைவிளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த நுட்பத்தைக் கைப்பழக்கத்தால் காத்து வருகிறீர்கள். நீங்கள் காயப்படுத்தாமல் காக்கும் அந்த வழவழப்பான படலமே வளர்திசு. ஒட்டுக்கட்டுவோர் வேண்டுவதும் அதே படலந்தான். நகரத்து மக்கள் பல மாதம் பயின்று அறிவதை உங்கள் விரல்கள் முன்பே அறிந்திருக்கின்றன.

மொட்டு ஒட்டு

பால்மரத்திற்குச் செய்யும் மொட்டு ஒட்டை முதலில் நினைவுகூர்வோம். வழக்கமான முறையில், நாற்றங்காலில் ஓராண்டுக்கு மேல் வளர்ந்த அடிக்கன்றை எடுத்துக்கொள்வார்கள். மிக இளைய கன்றுகளில் ஒட்டும் பசுமொட்டு முறையும் 1960களிலிருந்து பரவியிருக்கிறது. மழை பெய்யும்போதும், உச்சி வெயிலிலும் ஒட்டுக்கட்டலாகாது. காலை வேளையே சிறந்தது.

முதலில் அடிக்கன்றின் தண்டை நன்கு துடைக்க வேண்டும். தரைக்குச் சற்று மேலே, விரலகல இடைவெளியில், விரல் நீளத்திற்கு இரண்டு நேர்க்கோடுகள் கீற வேண்டும். பால் வடிந்து நின்றதும் துடைத்துவிட்டு, குறுக்கே ஒரு கோடு கீறிப் பட்டையை மெல்லத் தூக்க வேண்டும். பட்டை எளிதாகக் கழன்றால் கன்று தயாராக இருக்கிறது. கழல மறுத்தால் வற்புறுத்தலாகாது. வேறு நாளில் வர வேண்டும்.

அடுத்து, தாய்மரத்தின் மொட்டுக்கொம்பிலிருந்து கண்ணுடன் சேர்ந்த பட்டையைச் சிறிது மரத்துடன் சீவி எடுக்க வேண்டும். பின்னர் மரத்தைப் பட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். அப்போது பட்டையை வளைக்காமல் மரத்தையே வளைத்துக் கழற்ற வேண்டும். பட்டையின் உட்புறத்தில், கண்ணின் நேர் பின்னே, சிறு முளை போன்ற கரு தெரியும். அது பெயர்ந்து அங்கே பள்ளம் விழுந்திருந்தால் அக்கண் குருட்டுக் கண். ஒட்டினாலும் தளிர்க்காது. நல்ல கண்ணைத் தலைகீழாகாமல் திறந்த பட்டைக்குள் வைத்து, தெளிந்த பிளாஸ்டிக் நாடாவால் கீழிருந்து மேல்நோக்கி ஓடு வேய்வதைப் போலச் சுற்றிக் கட்ட வேண்டும். அப்போதுதான் மழைநீர் உள்ளே இறங்காது.

மூன்று வாரங்கள் கழித்துக் கட்டை அவிழ்த்து, பட்டையின் ஓரத்தை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பச்சையாக இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் தோல்வி. கன்றின் மறுபுறத்தில் மீண்டும் முயலலாம். பிடித்த கன்றை மேலும் ஓரிரு வாரம் விட்டு, ஒட்டுக்கு மேலே உள்ள தண்டைச் சாய்வாக வெட்டிவிட்டால் புதிய கண் விழித்துத் தளிர்க்கும். அடிக்கன்றிலிருந்து முளைக்கும் மற்றத் துளிர்களை உடனுக்குடன் கிள்ளி எறிய வேண்டும். இதைச் செய்யத் தவறினால் வளர்வது தாய்மரமன்று, அடிக்கன்றே.

ரம்புத்தானுக்கும் டுரியானுக்கும் ஏறத்தாழ இதே முறை பொருந்தும். ரம்புத்தான் விதைகளை நட்டால் ஏறத்தாழப் பாதி ஆண் மரங்களாகிப் பழமே தராமல் போகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நம் அண்டை மாவட்டமான மூவாரின் பெயரைத் தாங்கிய மூவார் காடிங் என்னும் மஞ்சள் ரம்புத்தான் விவசாய இலாகாவின் பதிவேட்டில் ஆர் 156 என்னும் எண்ணைப் பெற்றிருக்கிறது. இன்று பெருவிலை பெறும் மூசாங் கிங் டுரியான் 1993ஆம் ஆண்டில் டி 197 என்று பதிவாயிற்று. அவையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய நிலத்தில் நின்ற தனி மரங்களே. ஒருவர் சுவைத்துப் பார்த்து, இது காக்கத் தக்கது என்று முடிவு செய்ததால் அவை நிலைபெற்றன. டுரியானுக்குப் பேர்பெற்ற சிகாமட் மாவட்டத்தில் வாழும் நமக்கு இது பெருமைக்குரிய செய்தி மட்டுமன்று, படிப்பினையும் ஆகும்.

மாமரத்திற்கு ஆப்பு ஒட்டு

மாமரத்திற்கு ஆப்பு ஒட்டு எளியது. எந்த மாங்கொட்டையையாவது பையில் முளைக்கவைத்துப் பென்சில் பருமனுக்கு வளர்த்துக்கொள்ளுங்கள். அதுவே அடிக்கன்று. தாய்மரத்தில் வெயில் படும் வெளிக்கிளையின் நுனியைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் அதே பருமனில் இருத்தல் நலம். ஒட்டுவதற்கு ஏழெட்டு நாள் முன்னதாகவே, மரத்தில் இருக்கும்போதே, அந்த நுனியின் இலைகளைக் காம்பை விட்டு நறுக்கிவிடுங்கள். நுனி மொட்டு பருத்துத் தளிர்க்கத் தயாராகும்.

பின்னர் அந்த நுனியைச் சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக வெட்டி எடுத்து, அடிப்பகுதியை இருபுறமும் ஆப்புப்போலச் சீவுங்கள். கத்தி கூர்மையாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும். ஒரே இழுப்பில் சீவுங்கள். அடிக்கன்றின் தலையை நறுக்கி, நடுவே பிளந்து, ஆப்பைச் செருகுங்கள். இரண்டின் பருமனும் ஒவ்வாவிட்டால், ஒரு பக்கத்துப் பட்டையாவது பட்டையோடு நேர்படும்படி வையுங்கள். இறுக்கிக் கட்டிய பிறகு, கடைகளில் ஐஸ்கிரீம் ஊற்றி விற்கும் நீண்ட ஒல்லியான பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் தளிர் வரும். வந்த பின் பையை மெல்ல அகற்றுங்கள். நல்ல பராமரிப்பில் இத்தகைய கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை

எல்லா மரத்திற்கும் ஒட்டு வேண்டியதில்லை. மங்குஸ்தின் விதை, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாகும் தன்மையுடையது. ஆகவே அதன் கன்று தாயைப் போலவே இருக்கும். மாமரத்திலும் இரண்டு வகை உண்டு. தென்கிழக்காசிய மாவினங்கள் பலவற்றின் கொட்டையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் கிளம்பும். அவற்றுள் பெரும்பாலானவை தாயை ஒத்திருக்கும். மல்கோவா, பங்கனப்பள்ளி போன்ற இந்திய மாவினங்களில் ஒரே முளைதான் வரும். அது தாயைப் போல் அமைவதில்லை. உங்கள் மரம் எவ்வகை என்பதை அறிய ஒரு கொட்டையை முளைக்கவைத்துப் பார்த்தாலே போதும்.

செம்பனைக்கும் தென்னைக்கும் ஒட்டுக்கட்ட முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. பனைக் குடும்பத்து மரங்களுக்குப் பட்டையடியில் அந்த வளர்திசு இல்லை. அவ்வாறே உறவற்ற மரங்களும் ஒட்டமாட்டா. மாவின்மேல் மாவும், ரம்புத்தான்மேல் ரம்புத்தானும் ஒட்டும். மாவின்மேல் பலா ஒட்டாது.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, மரம் நிற்கும் நிலம் தோட்டத்திற்குரியது. கிளை எடுப்பதற்கு முன் நிர்வாகியிடம் அனுமதி கேட்பது முறை. வெட்டப்படவிருக்கும் மரத்திலிருந்து நான்கு குச்சிகள் கேட்டால் மறுப்போர் குறைவு. ஆனால் கேட்காமல் எடுப்பது வீண் மனத்தாங்கலை உண்டாக்கும்.

இரண்டாவது, ஒட்டு தாயின் குணத்தைக் காப்பதைப் போலவே தாயின் நோயையும் கொண்டுசெல்லும். நோயுற்ற கிளையை எடுக்காதீர்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்குச் செல்லும் முன் கத்தியைச் சாராயத்தால் துடையுங்கள்.

மூன்றாவது, ஊருக்குப் போய்வரும்போது அங்குள்ள மாமரத்துக் குச்சியைப் பையில் மறைத்துக் கொண்டுவரலாகாது. 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் அதற்கு அனுமதி பெற வேண்டும் என்கிறது. ஒரு குச்சியில் ஒளிந்து வரும் நோய் ஒரு நாட்டின் பயிரையே அழிக்கக்கூடும்.

நான்காவது, நல்ல இனம் ஒன்று கிடைத்ததென்று அதையே எங்கும் நட்டு, மற்றவற்றை அழித்துவிடுவதும் தவறு. ஒரே தாயின் கிளைகள் அனைத்தும் ஒரே நோய்க்கு ஆட்படும். நம் பால்மரங்கள் மிகச் சில கன்றுகளின் வழித்தோன்றல்கள் என்பதனால்தான், ரப்பர் வளர்க்கும் நாடுகள் 1981ஆம் ஆண்டில் பிரேசில் காடுகளுக்கு மீண்டும் குழு அனுப்பிப் புதிய விதைகளையும் மொட்டுக்கொம்புகளையும் திரட்டின. கைவிட்ட பழைய மரத்தின் அருமை பின்னொரு நாளில் தெரியவரும். அன்று அது இல்லாவிடில் என் செய்வோம்?

மூதாட்டியின் மாமரம்

தொடங்கிய கதையை முடித்துவிடுகிறோம். மறு வாரம் அனுமதி பெற்று, பிளாஸ்டிக் பைகளும் கன்றுகளுமாக அந்தத் தோட்டத்திற்கு மீண்டும் சென்றோம். ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களல்லவா நாம்? நூலில் கற்றதைச் செய்துகாட்டுகிறோம் என்று மக்களைக் கூட்டி வைத்து, ஐந்து கன்றுகளில் ஒட்டுக்கட்டினோம். கூட்டத்தில் நின்றிருந்த முதியவர் ஒருவர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, சீவின இடத்தை விரலால் தொடுகிறீர்களே, அது ஒட்டாதே" என்றார். அவர் இளமையில் நாற்றங்காலில் ஒட்டுக்கட்டும் வேலை பார்த்தவர். கத்தியை அவரிடமே கொடுத்துவிட்டோம். அவர் ஏழு கன்றுகளில் கட்டினார். கைகள் சற்று நடுங்கின. ஆனால் கத்தி நடுங்கவில்லை.

நாம் கட்டிய ஐந்தும் காய்ந்துபோயின. அவர் கட்டிய ஏழில் ஐந்து தளிர்த்தன. கற்பிக்கச் சென்றவர்கள் கற்றுக்கொண்டு திரும்பினோம். அதில் நமக்கு வெட்கம் இல்லை.

பெரிய மரம் அடுத்த திங்களில் விழுந்தது. அந்த நாளில் மூதாட்டி வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டோம். ஐந்து கன்றுகளில் ஒன்று அவர் இப்போது வாழும் தாமான் வீட்டின் வேலியோரத்தில் நிற்கிறது. ஒன்று அம்முதியவர் வீட்டில் இருக்கிறது. மற்ற மூன்றும் மூதாட்டியின் பேரப்பிள்ளைகளிடம் சென்றன. ஒரே இடத்தில் வைத்தால் ஒரே புயலில் போகும் என்பது முதியவர் சொன்ன அறிவுரை. அவர் சொன்னபடியே செய்தோம். அக்கன்றுகள் இன்னும் காய்க்கவில்லை. சென்ற முறை பார்த்தபோது மூதாட்டியின் கன்று அவர் தோளளவு உயர்ந்திருந்தது.

அன்பர்களே, இன்று தோட்டங்கள் மாறி வருகின்றன. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்பு வருகிறது. பிள்ளைகள் படித்து நகரங்களுக்குச் செல்கிறார்கள். அது நல்லதே. மாற்றத்தைத் தடுக்கும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் புறப்படும்போது எதை எடுத்துச்செல்ல வேண்டும் என்பதைச் சிந்தியுங்கள். குடும்பப் படத்தை எடுத்துக்கொள்கிறோம், குலதெய்வத்தின் படத்தை எடுத்துக்கொள்கிறோம். உங்கள் பாட்டன் நட்டு, உங்கள் தாய் தண்ணீர் ஊற்றி, நீங்கள் ஏறி விளையாடிய மரத்தையும் எடுத்துச்செல்லலாம். அதற்கு வண்டி வேண்டியதில்லை. ஈரச் சாக்கில் சுற்றிய நான்கு குச்சிகள் போதும்.

ஆகவே இன்று வீடு திரும்பியதும் உங்கள் லயன் வீடுகளைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த மரம் யார் நட்டது, எப்போது காய்க்கும், என்ன ருசி என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எழுதும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இந்தக் கொட்டையையும் இன்றே பையில் போட்டு முளைக்கவையுங்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஒட்டுக்கட்டத் தெரிந்த முதியவர் உங்கள் தோட்டத்தில் இருந்தால், அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்திற்கு அழைத்து, இளைஞர்களுக்கு அக்கலையைக் கற்பிக்கச் சொல்லுங்கள். மேலும் விவரம் வேண்டுவோர் அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தை அணுகலாம்.

மரம் வெட்டப்படும் நாள் வந்தபின் வருந்திப் பயனில்லை. கண் எடுக்க வேண்டிய காலம் மரம் நிற்கும் காலமே.